பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள்



ஓவியம் பழகும் இளைஞர்களிடமிருந்து நமக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் பொருள்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த கம்பெனி வாட்டர்கலர் நல்லது, முகம் வரைய எத்தனாம் நம்பர் பிரஷ் வேண்டும், தாளில் பழகுவதா டேப்லெட்டில் பழகுவதா? கூடவே தாங்கள் வரைந்த படங்களையும் அனுப்பி வைக்கிறார்கள். அவற்றைப் பார்க்கும்போது சந்தோஷமும் கவலையும் சேர்ந்தே வருகின்றன. உழைப்பில் குறையே இல்லை. இமை முடி ஒவ்வொன்றாகத் தீட்டப்பட்டிருக்கிறது, புடவையின் ஜரிகை மின்னுகிறது. ஆனால் படத்தில் இருக்கும் பெண்ணுக்கு நெற்றிக்கு மேலே மண்டையே இல்லை. கழுத்து எங்கே தோளோடு சேர்கிறது என்று தெரியவில்லை. கைவிரல்களை வரையப் பயந்து முந்தானைக்குள் மறைத்துவிட்டார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு வேறு பிரஷ் வாங்கிக் கொடுத்துப் பயனில்லை. உடற்கூறு, வண்ணம், அமைப்பு என்ற மூன்றையும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும். கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு உண்டு. மற்றவர்களுக்காக அடுத்த இதழிலிருந்து நாம் ஒரு தொடரைத் தொடங்குகிறோம். அது எந்த எண்ணத்தில் தொடங்குகிறது என்பதை இந்தப் பக்கத்தில் சொல்லிவிடுகிறேன்.

ஓவியத்தில் எதுவும் தனியாக நிற்பதில்லை. ஒரு கை நீளமா குட்டையா என்பதை முகம்தான் தீர்மானிக்கிறது. ஒரு சிவப்பு எடுப்பாகத் தெரிவதும் மங்கித் தெரிவதும் அதன் பக்கத்தில் இருக்கும் நிறத்தைப் பொறுத்தது. வரையும்போது கண் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் படம் கெடும். இதற்கும் அதற்கும் என்ன உறவு என்று ஓடிக்கொண்டே இருந்தால் படம் தேறும். பயிற்சி கைக்கு என்று நினைக்கிறோம். முக்கால்வாசிப் பயிற்சி கண்ணுக்குத்தான்.

தலையிலிருந்தே தொடங்குவோம். கண்கள் தலையின் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று கேட்டால், பழகாதவர்கள் மேலே மூன்றில் ஒரு பங்கில் என்பார்கள். வரைவதும் அப்படித்தான். உண்மையில் உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் இருக்கின்றன கண்கள். கண்ணாடி முன்னால் நின்று ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள், நம்பச் சிரமமாக இருக்கும். கண், மூக்கு, வாய் மூன்றும் நம்மோடு பேசுகின்றன. நெற்றியும் மண்டையும் பேசுவதில்லை. பேசாத இடத்தை மனம் சுருக்கிவிடுகிறது. மண்டை காணாமல் போவது இப்படித்தான்.

நம் ஸ்தபதிகள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். சுவாமிமலையில் செப்புத் திருமேனி செய்கிறவர்கள் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலை ஒன்றை நறுக்கி, அதைக் கணக்குப்படி மடித்துக் குறி வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஓலைதான் அளவுகோல். சிலை ஒரு சாண் உயரமானாலும் ஆளுயரமானாலும் ஓலையின் நீளம்தான் மாறும், மடிப்பின் கணக்கு மாறாது. நவதாளம் என்ற அளவில் முகம் 12 அங்குலம். இது நம் ஸ்கேலில் உள்ள அங்குலம் அல்ல, முகத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு. கழுத்து 4, அங்கிருந்து மார்பு வரை 12, மார்பிலிருந்து தொப்புள் 12, தொப்புளிலிருந்து இடுப்பின் அடிவரை 12, தொடை 24, முழங்கால் 4, அதற்குக் கீழே 24, பாதத்தின் உயரம் 4. கூட்டினால் 108. சிவன், திருமால் திருமேனிகளுக்கு உத்தம தசதாளம், அதாவது 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தசதாளம், 120. இந்தக் கணக்கு முழுவதும் முகத்திலிருந்து பிறக்கிறது. மேல்நாட்டு ஓவியப் பள்ளிகளும் உடலைத் தலையால்தான் அளக்கின்றன. சராசரி மனிதர் ஏழரைத் தலை உயரம், ஓவியர்கள் எடுப்புக்காக எட்டுத் தலை வைத்துக்கொள்வார்கள்.

அளவு மட்டும் தெரிந்தால் உடல் பொம்மை மாதிரி விறைத்து நிற்கும். அதற்கு உயிர் கொடுக்க எலும்பு தெரிய வேண்டும். தசைகளின் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. தோலுக்கு நேர் கீழே தட்டுப்படும் எலும்பு மேடுகள் போதும்: காறையெலும்பு, முழங்கை, மணிக்கட்டு, இடுப்பெலும்பின் முனை, முழங்கால், கணுக்கால். ஆள் பருமனாக இருந்தாலும் மெலிந்திருந்தாலும் இவை இடம் மாறுவதில்லை.

இப்போதே ஒரு கையை நீட்டி, மற்றக் கையால் முழங்கையின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மேடு, நடுவே முட்டி. கை நீண்டிருக்கும்போது மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும். மெதுவாக மடக்குங்கள். நடு முட்டி கீழே இறங்கி, மூன்றும் ஒரு முக்கோணமாகும். அடுத்து, உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். முன்கையின் இரண்டு எலும்புகளும் அருகருகே கிடக்கின்றன. உள்ளங்கையைக் கவிழ்த்தால் கட்டைவிரல் பக்கத்து எலும்பு சுண்டுவிரல் பக்கத்து எலும்பின்மேல் குறுக்காக ஏறிக்கொள்கிறது. மணிக்கட்டின் வெளிக்கோடு அதனால்தான் மாறுகிறது. இதை ஒரு தடவை விரலால் உணர்ந்துவிட்டால் பிறகு கையை முந்தானைக்குள் ஒளிக்கத் தோன்றாது.

சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு பாடம் மெரினாவிலேயே இருக்கிறது.  நமது அரசு கவின்கலைக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வராகி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவர் செய்த உழைப்பாளர் சிலை 1959-இல் கடற்கரையில் நிறுவப்பட்டது. பஸ்ஸில் போகிறபோது பார்க்கும் சிலைதான். அடுத்த முறை இறங்கிச் சுற்றி வந்து பாருங்கள். நால்வர் ஒரு பாறையை நகர்த்துகிறார்கள். யார் முகத்திலும் உழைப்பைத் தேட வேண்டாம். முதுகைப் பாருங்கள், ஊன்றிய பாதத்தைப் பாருங்கள். பாரம் பாதத்தில் தொடங்கி முழங்கால், இடுப்பு, தோள் வழியாகக் கைக்கு வருகிறது. ஒருவரின் உடல் சாய்வு அடுத்தவரின் சாய்வோடு சேர்ந்தால்தான் அந்தப் பாறைக்கு எடை வருகிறது. உடற்கூறும் அமைப்பும் வெவ்வேறு பாடங்கள் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நம் ஊரில் இல்லை.

வண்ணத்துக்கு வருவோம். பாரிஸில் கோப்லன் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக் கூடம் உண்டு. அங்கே சாயப் பிரிவின் தலைவராக இருந்தவர் வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல். கறுப்பு நூல் நன்றாக இல்லை, நீலத்தின் பக்கத்தில் வைத்தால் சாயம் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. இதை விரித்து அவர் 1839-இல் எழுதிய நூலை ஐரோப்பிய ஓவியர்கள் தேடிப் படித்தார்கள். காஞ்சிபுரம் நெசவாளர்களும் சாயக்காரர்களும் இதைத் தறியிலேயே கண்டிருக்கிறார்கள். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை வைத்தால் இரண்டுமே எரிகின்றன. மயில்கழுத்து நிறம் எந்தச் சாயத் தொட்டியிலும் கிடையாது. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம், சேலை அசையும்போது நம் கண்ணில்தான் அந்த நிறம் பிறக்கிறது.

இதெல்லாம் தெரிந்த நம் பிள்ளைகள் மனிதத் தோலுக்கு வரும்போது மட்டும் பெட்டியில் ‘ஸ்கின்’ என்று எழுதிய இளஞ்சிவப்பு டியூபைப் பிதுக்குகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. அந்த நிறத்தில் நம் வீட்டில் யாரும் இல்லை. மாநிறமும் கறுப்பும் எவ்வளவு நிறங்களை ஏந்திக்கொள்கின்றன! திண்ணையில் உட்கார்ந்த பாட்டியின் நெற்றியில் வானத்தின் நீலம் லேசாக விழுந்திருக்கும். காது மடலில் வெயில் ஊடுருவிச் செம்மை தெரியும். பச்சைச் சுவரின் ஓரம் நின்றால் தாடைக்கு அடியில் பச்சை ஏறும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் செம்பியவரம்பலில் பிறந்த ஓவியர் இளையராஜாவின் கிராமத்துப் பெண்களை எடுத்துப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த மாநிறம் எத்தனை விதமாக மாறுகிறது! 2021-இல் கொரோனாவில் அவரை இழந்தோம். அவர் விட்டுச்சென்ற படங்கள் இந்த ஒரு பாடத்துக்கே போதும்.

நிறைய டியூப் இருந்தால் நிறைய நிறம் வரும் என்று நம்ப வேண்டாம். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் 1896-இல் தம்மையே வரைந்த படத்தில் கையில் வண்ணப் பலகையோடு இருக்கிறார். அதில் வெள்ளை, காவி மஞ்சள், சிந்தூரச் சிவப்பு, கறுப்பு என்று நான்குதான். மஞ்சளோடு கறுப்பைக் கலந்தால் ஒரு பாசிப்பச்சை வரும். வெள்ளையோடு கறுப்பைக் கலந்து சிவப்பின் பக்கத்தில் வைத்தால் நீலம்போலத் தெரியும். தொடக்கத்தில் ஆறு மாதம் இந்த நான்கோடு நின்றுவிடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

நிறத்தைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. ஓவியர்கள் டோன் என்பார்கள்: ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்ற கணக்கு. அச்சகத்தோடு பழகுகிற எங்களுக்கு இது தினசரி அனுபவம். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் புள்ளிகளால்தான் உங்கள் கையில் இருக்கும் பக்கம் அச்சாகிறது. திரையில் பளீரென்று எரிந்த கிளிப்பச்சை தாளில் சற்று மங்கித்தான் வரும். நிறத்தையே நம்பி வரைந்த படம் அப்போது விழுந்துவிடும். டோன் சரியாக இருக்கும் படம் எந்தத் தாளிலும் நிற்கும். உங்கள் படத்தை செல்போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகக் கலந்து போனால் குறை எங்கே என்று தெரிந்துவிடும்.

வண்ண அச்சு அரிதாக இருந்த காலத்துப் பத்திரிகை ஓவியர்கள் இதில் கெட்டிக்காரர்கள். சில்பி ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வரைந்தபோது, கோயிலுக்கே போய்ச் சிற்பத்தின் முன் உட்கார்ந்து வரைந்தார். கறுப்பு மையில் கல்லின் வழவழப்பும் மடிப்பும் வந்துவிடும். வெளிச்சம் விழும் இடத்தில் மை இருக்காது, வெறும் தாள்தான் இருக்கும். எங்கே வரையக் கூடாது என்று தெரிந்த கை அது. கோபுலு இன்னும் சிக்கனம். ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு அவர் போட்ட படங்களில் ஆள் உட்கார்ந்திருக்கும் தோரணையே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், தொடரில் விரிவாக வரும். படம் தொடங்கும் முன் தீப்பெட்டி அளவில் மூன்று நான்கு கட்டங்கள் போட்டு, கறுப்பு, சாம்பல், வெள்ளை என்ற மூன்றே டோனில் படத்தைப் பிரித்துப் பாருங்கள். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் பெரிய வடிவங்கள் மட்டும் தெரியும். அந்த வடிவங்கள் பிடித்தால் மேலே போங்கள், இல்லையென்றால் எத்தனை இமை முடி வரைந்தாலும் காப்பாற்ற முடியாது. புதுக்கோட்டைப் பக்கம் போனால் சித்தன்னவாசல் விதானத்தில் தாமரைக் குளத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம். பூவும் இலையும் மீனும் பறவையும் யானையும் எருமையும் பூப்பறிக்கும் மனிதர்களும் நெருக்கமாக நிறைந்திருந்தும் ஒன்றை ஒன்று விழுங்கவில்லை. அவ்வளவு கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் எப்படி இடம் விட்டார்கள் என்று நின்று பாருங்கள்.

அடிப்படை படித்தால் சொந்தப் பாணி போய்விடாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் 1914-இல் இந்திய உடற்கூற்று அளவுகளைப் பற்றி எழுதியபோது, இவற்றை மீறக் கூடாத சட்டமாகக் கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் அளவுகளை விளக்கித்தான் எழுதினார். நம் ஓவியர் ஆதிமூலம் காந்தி நூற்றாண்டு விழாவின்போது கோட்டோவியங்களாக காந்தியை வரைந்து தள்ளினார். அந்த வேகமான கோடுகளுக்குள் மண்டையும் தோளெலும்பும் சரியான இடத்தில் இருக்கின்றன. பிறகு அவர் உருவங்களையே விட்டுவிட்டு வண்ண வெளிகளுக்குப் போனார். விட்டுவிடுவதற்கு அவரிடம் ஏதோ இருந்தது. பழகாதவருக்குப் பாணி என்பது பெரும்பாலும் தெரியாததை மறைக்கும் பழக்கம்தான் என்பது என் கருத்து.

தொடருக்காக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் சொந்தக் கையை, வரையாத கையை, பென்சிலால் ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். வண்ணம் வேண்டாம், போட்டோவைப் பார்த்து வரைய வேண்டாம். அழித்த தடம் இருந்தாலும் அப்படியே அனுப்புங்கள், வயதும் ஊரும் தாளின் பின்புறம் இருக்கட்டும். பள்ளி மாணவர்களும், ஓய்வு பெற்ற பின் பென்சிலைத் தொடுகிறவர்களும் தயங்காமல் எழுதுங்கள். வரும் படங்களில் சிலவற்றைத் திருத்தக் குறிப்புகளோடு தொடரில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்