போர்க்காலமும் மாணவர் விளையாட்டும்

சேலம் நகருக்கு வடக்கே முகில் தவழ நிற்பது சேர்வராயன் மலை. அதன் இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காட்டை அடையலாம். சென்ற கோடையில் ஒரு நாள் மாலை, அங்குச் சிறுவர் பந்தாடக் கண்டு நின்றேன். அவ்வூரின் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917ஆம் ஆண்டில், முதல் உலகப்போரின் நடுவே தோன்றியது. அதற்கு முந்திய ஆண்டில் பெர்லினில் நிகழவேண்டிய ஒலிம்பிக் விளையாட்டுகளோ அப்போரினால் நின்றுபோயின. நாடு போரில் துன்புறுங்கால் மாணவர்க்கு விளையாட்டு வேண்டுமோ என்னும் வினா அப்போது என் உள்ளத்தில் எழுந்தது.

வேண்டா என்பார் கூற்றிலும் உண்மை உண்டு. 1942இல் மலேயாவும் பர்மாவும் சப்பானியர் கைப்பட்டன. பந்தின் காற்றுப்பைக்கு வேண்டிய இரப்பர் அரிதாயிற்று. பர்மா அரிசியின் வரவும் நின்றது. பெட்ரோல் பங்கீட்டுப் பொருளாயிற்று. பேருந்துகள் கரிவாயுவால் ஓடின. அத்தகைய நாளில் மலைமேல் உள்ள மாணவர் கீழிறங்கிப் பிற பள்ளியாரோடு ஆடிவருதல் எத்துணை அரிது! அரிசி ஏற்றும் வண்டிக்குரிய எண்ணெயைப் பந்தயத்திற்குச் செலவிடுதல் முறையன்று.

ஆயினும், போர் பறிப்பது விளையாட்டுக் கருவிகளையே அன்றி விளையாட்டை அன்று. சடுகுடுவுக்கும் கிளித்தட்டுக்கும் இரப்பரும் வேண்டா, பெட்ரோலும் வேண்டா. சிறிது மண்ணும் மூச்சும் போதும்.

படைப்பயிற்சி இருக்க விளையாட்டு எதற்கு என்பர் வேறு சிலர். 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப்பின், 1963இல் கல்லூரி மாணவர்க்குத் தேசிய மாணவர் படை கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் அக்கட்டாயம் நீங்கியது. அப்பயிற்சி நன்றே, எனினும் அது விளையாட்டுக்கு ஈடாகாது. அணிவகுப்பில் மாணவன் கட்டளைக்குப் பணியக் கற்கிறான். ஆடுகளத்திலோ தானே எண்ணித் துணியக் கற்கிறான். எதிரே நிற்பவனைப் பகையாது வெல்லவும், நாணாது தோற்கவும் கற்கிறான். பகைமை எளிதில் வளரும் போர்க்காலத்திலன்றோ இப்பாடம் மிகுதியும் வேண்டும்?

கடல் கடந்து வாழும் நம் இனத்தார் இதனை நன்கறிவர். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் நெடுங்காலமாக ஆடிவரும் கிரிக்கெட்டுப் போட்டிக்கு 'வடக்கின் போர்' என்று பெயர். இலங்கையில் மெய்யான போர் மூண்டபோது இப்பெயரளவுப் போர் சில ஆண்டுகள் நடைபெறாது போயிற்று. பின்னர் மீண்டும் தளிர்த்தது. இந்தப் போரில் தோற்றவர் உயிரோடு வீடு திரும்புவர். மறு ஆண்டு மீண்டும் களம் காண்பர்.

மாணவர்களே! எக்காலத்தும் பந்தயங்களின் ஆரவாரம் குறையலாம். பரிசுக் கோப்பைகளும் இல்லாது போகலாம். மாலை வேளையில் ஒரு நாழிகை ஆடும் உரிமையை மட்டும் சிறுவரிடமிருந்து பெரியோர் பறித்தல் ஆகாது. நாளை அமைதியைக் காக்கவேண்டியவர் அவர்களே ஆவர்.