ஓடினால்தான் கார்

ஃபியட் எஸ்76 காருக்கு நான்கே சிலிண்டர்கள். ஆனால் எஞ்சினின் கொள்ளளவு 28 லிட்டருக்கும் அதிகம். நம்மூர் மாருதி 800 எஞ்சின்கள் 35 சேர்ந்தால்தான் அதற்கு ஈடாகும். வேக சாதனை படைப்பதற்காக 1911-ஐ ஒட்டி இத்தாலியின் டூரின் நகரத்தில் உருவானவை இரண்டே கார்கள். நூறு ஆண்டுகள் கழித்து, ஒன்றின் சேஸியையும் இன்னொன்றின் எஞ்சினையும் இணைத்து உயிர்கொடுத்தார்கள். 2015-இல் அது இங்கிலாந்தின் குட்வுட் மேட்டில் ஏறியபோது எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து தீ நாக்கு நாக்காக நீண்டது. வேலியோரம் நின்ற கூட்டத்தில், 1911-இல் பிறந்தேயிராத தலைமுறைகள் அந்தச் சத்தத்தை நேரில் கேட்டன.

குட்வுட் திருவிழாவுக்கு ஒரு வார இறுதியை ஒதுக்குபவர்களுக்குக் கிடைப்பது இதுதான். அங்கே பழைய கார்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதில்லை, ஓடுகின்றன.

லண்டனுக்குத் தெற்கே, சிசெஸ்டர் நகரத்தை ஒட்டிய குட்வுட் பண்ணை ரிச்மண்ட் கோமகன் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. ஒன்பதாவது கோமகன் ஃபிரெட்டி மார்ச் தாமே பந்தய ஓட்டுநர். 1936-இல் தம் மாளிகைப் பாதையில் லான்சியா கார் கிளப்புக்காக ஒரு மேடேறும் போட்டி நடத்தியவர். இரண்டாம் உலகப் போரில் அவர் நிலத்தின் ஒரு பகுதி விமானப்படைத் தளமாயிற்று. போர் முடிந்ததும் ஓடுதளத்தைச் சுற்றியிருந்த சாலை பந்தயத் தடமாக மாறி, 1948 செப்டம்பரில் திறக்கப்பட்டது. முதல் நாளே 500 சிசி கூப்பர் காரில் வென்ற இளைஞர் ஸ்டிர்லிங் மாஸ். அவருடைய தொழில்முறைப் பந்தய வாழ்வு 1962-இல் விபத்தில் முடிந்ததும் இதே தடத்தில்தான். கார்களின் வேகம் தடத்தின் பாதுகாப்பை மிஞ்சியதால் 1966-இல் அங்கே பந்தயம் நின்றது.

ஃபிரெட்டி மார்ச்சின் பேரன் சார்லஸ், மார்ச் பிரபு என்ற பட்டத்தோடு இருந்த 1990களின் தொடக்கத்தில், பந்தயத்தை மீட்க விரும்பினார். பழைய தடத்துக்கு அனுமதி இல்லை. தாத்தா 1936-இல் செய்ததையே பேரனும் செய்தார்: வீட்டுப் பாதையையே தடமாக்கினார். 1993 ஜூனில் ஒரே நாள் நடந்த அந்த முதல் ‘ஃபெஸ்டிவல் ஆஃப் ஸ்பீடு’க்குச் சுமார் 25,000 பேர் வந்தார்கள். இன்று அது வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள் கோடைத் திருவிழா. பழைய தடமும் 1998-இல் மீண்டும் திறந்தது. அங்கே செப்டம்பரில் ‘ரிவைவல்’ என்ற தனித் திருவிழா நடக்கிறது.

பாதையின் நீளம் 1.16 மைல், அதாவது 1.87 கிலோமீட்டர். மரங்களுக்கிடையே கிளம்பி, மாளிகையின் முகப்பைக் கடந்து, மோல்கோம் என்ற இடது வளைவுக்கு வருகிறது. மேட்டுக்கு அப்பால் மறைந்திருக்கும் அந்த வளைவில், பிரேக்கைச் சற்றுத் தாமதித்தவர்கள் நேராக வைக்கோல் கட்டுகளுக்குள் போயிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் தடத்தை உரசி நிற்கும் சக்கிமுக்கிக் கல் மதில். தப்பு செய்தால் ஒதுங்க இடமே கிடையாது.

இங்கே நிக் ஹைட்ஃபெல்ட் 1999-இல் மெக்லாரன் ஃபார்முலா 1 காரில் 41.6 விநாடியில் ஏறினார். பின்னர் பாதுகாப்பு கருதி ஃபார்முலா 1 கார்களுக்கு நேரம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சாதனை 20 ஆண்டுகள் நின்றது. 2019-இல் ரோமன் டூமா ஃபோக்ஸ்வாகனின் மின்சாரக் காரில் 39.90 விநாடியில் அதை முறியடித்தார். 2022-இல் மேக்ஸ் சில்டன் மெக்மர்ட்ரி ஸ்பெயர்லிங் காரில் அதை 39.08 ஆக்கினார். அதுவும் மின்சாரக் கார், ஒருவர் மட்டுமே அமரக்கூடியது. அடியிலுள்ள காற்றை மின்விசிறிகள் உறிஞ்சி வெளியேற்றுவதால், சுவரில் பல்லி ஒட்டுவதைப்போல் அது சாலையை விட்டு விலகுவதில்லை. தீ கக்கும் 1911 ஃபியட்டும் விசிறியோடு பறக்கும் இந்தக் காரும் ஏறியது ஒரே பாதை என்பதுதான் இந்தத் திருவிழாவின் பெரும் பாடம். நூறாண்டுப் பொறியியலைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். இங்கே காதும் மூக்கும் சேர்ந்து தெரிந்துகொள்கின்றன.

மூக்கு என்பது சும்மா சொன்னதல்ல. பழைய பந்தய எஞ்சின்களில் விளக்கெண்ணெய் கலந்த மசகெண்ணெய் ஊற்றுவார்கள். எஞ்சின் சூடானதும் எழும் அந்த இனிப்பு கலந்த புகை, கார்கள் நிற்கும் பேடக் பகுதி முழுக்கப் பரவும். பேடக் எல்லோருக்கும் திறந்தது. எஞ்சினைத் தட்டி எழுப்பும் மெக்கானிக்கின் தோளருகே நின்று பார்க்கலாம். பல ஃபார்முலா 1 எஞ்சின்களைச் சாவி திருகிக் கிளப்பிவிட முடியாது. முதலில் சூடான நீரைக் குழாய்களில் ஓடவிட்டு உலோகத்தைப் பதமாக்க வேண்டும். அந்தப் பக்குவம் தெரிந்த கைகள் உலகிலேயே குறைவு.

இவ்வளவு விலைமதிப்புள்ள கார்களை ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தம் 36தான் உருவாயின. 2018-இல் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த வகைக் கார்களும் குட்வுட்டில் சீறுகின்றன. நிறுத்தியே வைத்தால் ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும், பெட்ரோல் கெட்டுப் பிசினாகும், எண்ணெய் வடிந்த சிலிண்டர்களில் துரு ஏறும். இவற்றைவிடப் பெரிய இழப்பு, அந்த எஞ்சினைக் கேட்டே நோயைச் சொல்லத் தெரிந்த மெக்கானிக், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் ஓய்வு பெறுவது. ஓட்டுவதால் கீறல் விழலாம், ஏன், நொறுங்கவும் செய்யலாம். தகரத்தைத் தட்டிச் சரிசெய்யலாம். போன கைவேலையை எங்கே தேடுவது?

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சோழவரமும் உலகப் போர்க்கால விமானத்தளம்தான். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பெருங்கூட்டத்துக்கு நடுவே பந்தயங்கள் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைத்தது. அந்தக் கிளப்பை நிறுவியவர்களில் ஒருவரான இந்து சாண்டோக்கின் பேரன் கருண் சாண்டோக், வில்லியம்ஸ் அணியின் பழைய ஃபார்முலா 1 கார்களைக் குட்வுட்டில் ஓட்டிக்காட்டியவர்.

சோழவரத்தில் சீறிய கார்களும், கோவையில் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் காரும் நம் பொறியியல் வரலாறு. நரேன் கார்த்திகேயன் பந்தயத்தில் கால்வைத்தது அந்த ஃபார்முலா மாருதியில்தான். கோவை ஜிடி கார் அருங்காட்சியகம் பழைய கார்களை அக்கறையோடு பேணுகிறது. அடுத்த படி அவற்றில் சிலவற்றையாவது ஓடவிடுவது. அதற்குக் கோமகனின் மாளிகை தேவையில்லை. தடம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராக இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு வார இறுதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச அனுமதி, பழைய மெக்கானிக்குகளுக்கு முன்வரிசை. கிளப்பும் கார் உரிமையாளர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசினால் வரும் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடலாம்.