ஆப் வாங்குவதற்கு முன்... எந்தத் தேர்வு என்று கேட்டீர்களா?

கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கண் பரிசோதனை செய்து கண்ணாடி பவர் எழுதிக் கொடுக்கிறார்களே, அந்த ஆப்டோமெட்ரி படிப்பில் சேர ஆசை. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி ஆப் வேண்டும் என்கிறாள். போனில் பேசியவர், ‘இன்று ராத்திரிக்குள் கட்டினால் பாதி விலை, மாதத் தவணையும் உண்டு’ என்கிறார். வாங்கலாமா?”

இன்று ராத்திரி வாங்க வேண்டாம், சகோதரி. எந்த ஆப் நல்லது என்பது இரண்டாவது கேள்விதான். மகள் எந்தக் கல்லூரிக்கு, எந்த வழியில் போகப் போகிறாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு வீட்டில் எல்லோரும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும்.

உங்கள் ஊரிலிருந்து மூன்று வழிகள்

முதல் வழி, தமிழ்நாடு அரசின் கலந்தாய்வு. பி.ஆப்டோம் நான்கு வருடப் படிப்பு. கடைசி வருடம் மருத்துவமனையில் பயிற்சி. மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு, மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்கு நடத்தும் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் இதற்கு இடம் கொடுத்து வருகிறார்கள். தனியாக நுழைவுத் தேர்வு கிடையாது. மகளின் குறி இதுதான் என்றால் ஆப் செலவே வேண்டாம். இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடப்புத்தகங்களும் பழைய பொதுத்தேர்வு வினாத்தாள்களும் போதும்.

இரண்டாவது வழி, பக்கத்தில் இருக்கும் ஜிப்மர். முன்பு சொந்தமாகத் தேர்வு நடத்திய ஜிப்மர், இப்போது ஆப்டோமெட்ரி போன்ற படிப்புகளுக்கும் நீட் மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கோட்டக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் நீங்கள் விழுப்புரம் மாவட்டம், அது புதுச்சேரி. தமிழ்நாட்டு இருப்பிடச் சான்றை வைத்துக்கொண்டு புதுச்சேரிக்காரர்களுக்கான இடங்களைக் கேட்க முடியாது. மகள் அகில இந்தியப் போட்டியில்தான் நிற்க வேண்டும். ‘ஜிப்மர் பக்கத்தில்தானே’ என்று அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

மூன்றாவது வழி, டெல்லி எய்ம்ஸ். அவர்கள் தனியாக நுழைவுத் தேர்வு நடத்துகிறார்கள். 90 நிமிடத்தில் 90 கேள்விகள், கணினியில்.

இவை தவிர, தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தங்களுக்கென்று விதி வைத்திருக்கலாம். 2021-ல் வந்த மத்தியச் சட்டம் ஆப்டோமெட்ரியையும் தேசிய ஆணையம் ஒன்றின் கீழ் கொண்டுவந்திருக்கிறது. அதனால் விதிகள் மாறக்கூடும். அந்தந்த வருடத் தகவல் குறிப்பேட்டை இணையதளத்தில் எடுத்துப் படியுங்கள். போனில் பேசுகிறவர் சொல்வதை விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

போனில் ‘ஆப்டோமெட்ரி அட்மிஷன் டெஸ்ட்’ என்று தேடினால் வரிசையாக ஆப்கள் வரும். அவற்றில் பல ‘ஓ.ஏ.டி’ என்ற தேர்வுக்கானவை. அது அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள ஆப்டோமெட்ரி கல்லூரிகளுக்கான தேர்வு. ஆங்கிலப் பத்தி படித்துப் பதில் சொல்லும் பகுதியெல்லாம் அதில் உண்டு. ஆப் நன்றாகவே இருக்கலாம். ஆனால் ஜிப்மருக்கோ எய்ம்ஸுக்கோ அதைப் படிப்பது, திண்டிவனம் போக வேண்டியவர் கடலூர் பஸ்ஸில் ஏறின கதைதான்.

மைனஸ் மார்க் கணக்கு

தவறான பயிற்சியில் பணம் மட்டும் போகாது, பழக்கமும் கெடும். நீட்டில் சரியான பதிலுக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 போகும். ஒன்றுமே தெரியாமல் நான்கு கேள்விக்குக் குத்துமதிப்பாகக் குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 4 வரும், மூன்று தவறி 3 போகும். மிச்சம் 1. எய்ம்ஸில் சரியான பதிலுக்கு 1, தவறினால் மூன்றில் ஒரு பங்கு போகும். அதே நான்கு கேள்வியில் மிச்சம் பூஜ்யம். அமெரிக்கத் தேர்விலோ மைனஸே கிடையாது, தெரியாததையும் குறித்துவிட்டு வருவதுதான் அங்கே புத்திசாலித்தனம்.

ஆக, எந்தக் கேள்வியைத் தொடுவது, எதை விடுவது என்ற முடிவு தேர்வுக்குத் தேர்வு மாறுகிறது. உங்கள் தேர்வின் மைனஸ் கணக்கைப் போடாத ஆப், பிள்ளைக்குத் தவறான துணிச்சலையோ வீண் பயத்தையோ பழக்கிவிடும்.

முதலில் இலவசம்

நீட்தான் வழி என்று முடிவானால், அந்தத் தேர்வை நடத்தும் என்.டி.ஏ-வின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் கிடைக்கும். தமிழ் வினாத்தாளும் உண்டு. ஐ.ஐ.டி கான்பூரும் மத்தியக் கல்வி அமைச்சகமும் சேர்ந்து 2023-ல் தொடங்கிய ‘சாத்தீ’ தளமும் இலவசம்தான். இரண்டு மாதம் இவற்றை முழுசாகப் பயன்படுத்திவிட்டு, பிறகும் போதவில்லை என்றால் காசு கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொன்று. 2025 நீட் தேர்வு 180 நிமிடத்தில் 180 கேள்வி, மதியம் 2 மணிக்கு ஆரம்பம், ஓ.எம்.ஆர் தாளில் பேனாவால் வட்டம் நிரப்ப வேண்டும். போனைத் தட்டிப் பழகிய விரலுக்கு அந்த 180 வட்டம் புதிது. சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம் கண் சொக்காமல் உட்காருவதும் ஒரு பயிற்சிதான். வாரம் ஒரு நாள் வினாத்தாளை அச்செடுத்து, அதே 2 மணிக்கு எழுதச் சொல்லுங்கள். வீட்டில் சத்தம் என்றால் நூலகத்துக்கு அனுப்புங்கள்.

காசு கொடுத்து வாங்குவதானால்...

* தேர்வு முறை: கேள்விகளின் எண்ணிக்கை, நேரம், மைனஸ் மூன்றும் உங்கள் தேர்வோடு பொருந்த வேண்டும்.

* மொழி: தமிழ் வழியில் படித்த பிள்ளை என்றால் கேள்வி மட்டுமல்ல, விளக்கமும் தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். நீட்டில் தமிழ் வினாத்தாளோடு ஆங்கிலமும் சேர்ந்தே வரும். மொழிபெயர்ப்பில் குழப்பம் இருந்தால் ஆங்கிலம்தான் இறுதி. ஆகவே இரண்டையும் அருகருகே காட்டும் ஆப் நல்லது.

* விளக்கம்: ‘விடை பி’ என்று மட்டும் சொன்னால் பிரயோஜனம் இல்லை. மற்ற மூன்றும் ஏன் தவறு என்று சொல்ல வேண்டும்.

* விடையின் நம்பகத்தன்மை: இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. 2024 நீட் இயற்பியலில், அணுக்களைப் பற்றி இரண்டு கூற்றுகள் கொடுத்த ஒரு கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. என்.டி.ஏ முதலில் இரண்டு விடைகளுக்கு மதிப்பெண் கொடுத்தது. பிறகு ஐ.ஐ.டி டெல்லி நிபுணர்கள் பார்த்து, முதல் கூற்று சரி, இரண்டாவது தவறு என்பது மட்டுமே சரியான விடை என்றார்கள். முடிவுகளே திருத்தி வெளியாயின. இலவச மாதிரிக் காலத்தில் அந்தக் கேள்வியைத் தேடிப் பாருங்கள். இன்னும் பழைய விடையே இருந்தால், அந்த ஆப்பில் யாரும் விடைகளைச் சரிபார்ப்பதில்லை என்று அர்த்தம்.

* பணம்: ‘மாதத் தவணை’ என்பது பல இடங்களில் உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடன். பிள்ளை ஆப்பைத் திறக்காவிட்டாலும் தவணை நிற்காது. கடன் கொடுப்பது யார், ரத்து செய்தால் பணம் எப்படித் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இலவச மாதிரிக்கே யு.பி.ஐ ஆட்டோபே கேட்டால், பிறகு அதை நிறுத்த மறக்காதீர்கள். ஓ.டி.பி-யை யாருக்கும் சொல்லாதீர்கள்.

வாங்கிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. மகளிடம் ஒரு நோட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு தேர்விலும் தவறிய கேள்வியையும் ஏன் தவறியது என்பதையும் எழுதட்டும். தெரியாததா, அவசரமா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா? ஐம்பது தேர்வு எழுதி மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதைவிட, பத்துத் தேர்வு எழுதி அந்த நோட்டைத் திரும்பப் படிப்பது அதிகம் உதவும்.

நாளை மறுபடி போன் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்கள் ஆப் எந்தத் தேர்வுக்கு?” உடனே, தெளிவாகப் பதில் வராவிட்டால் போனை வைத்துவிடுங்கள்.

கண் படிப்புக்குத் தயாராகும் மகளுக்கு ஒரு வார்த்தை: 20 நிமிடம் திரையைப் பார்த்தால், 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பாரம்மா. நாளைக்கு நீ மற்றவர்களுக்குச் சொல்லப் போகும் அறிவுரைதான்!