டாப்பை எத்தனை இஞ்ச் இறக்கலாம்?

1967ஆம் ஆண்டு லெ மான் 24 மணிநேரப் பந்தயத்துக்கு ஃபோர்டு நிறுவனம் கொண்டுவந்த கார்களில் ஒன்றுக்கு மட்டும் ஓட்டுநர் தலைக்கு நேர் மேலே ஒரு புடைப்பு இருந்தது. அந்த வரிசைக் கார்களுக்கு ஜி.டி.40 என்று பெயர் வரக் காரணமே கூரையின் உயரம்தான். தரையிலிருந்து ஏறக்குறைய நாற்பது அங்குலம். ஓட்ட வேண்டிய டான் கர்னியோ ஆறடியைத் தாண்டியவர். ஹெல்மெட்டோடு உட்கார்ந்தால் தலை இடித்தது. அந்தக் காரில் கதவின் மேல்பாகம் வளைந்து கூரைக்குள்ளும் ஏறியிருக்கும். அந்த இடத்தில் தகட்டைக் குமிழாக எழுப்பி அவர் தலைக்கு இடம் செய்தார்கள். கர்னியும் ஏ.ஜே. ஃபாய்ட்டும் அந்த வண்டியில்தான் பந்தயத்தை வென்றார்கள். காற்றுச் சுரங்கமும் கணிப்பொறியும் கைவசம் வைத்திருந்த நிறுவனமே கடைசியில் ஒரு மனிதனின் தலைக்காகக் கூரைக் கோட்டைத் திருத்த வேண்டியிருந்தது.

ராதாபுரத்தில் அப்படிப்பட்ட வசதி எதுவும் கிடையாது. இருப்பது டிங்கரிங் பட்டறை, சி.ஓ.டூ வெல்டிங் செட், கிரைண்டர், கைத்திறன். அங்கே ஒரு பழைய அம்பாசடர் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்காரர் கையில் போன். போனில் அமெரிக்க ஹாட் ராடு ஒன்றின் படம். "அண்ணாச்சி, இதே மாதிரி டாப்ப ஒரு ஆறு இஞ்ச் இறக்கிருவோம். கெத்தா இருக்கணும்." அண்ணாச்சி வண்டியை ஒரு சுற்று சுற்றி வருகிறார். "ஆறு இஞ்ச் இறக்கிட்டு நீ எங்கலே உக்காருவ?"

இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் நம் தொழிலில் பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கிறோம். படத்தைப் பார்த்து அங்குலத்தை முடிவு செய்துவிட்டு, வெட்டி ஒட்டி பட்டி போட்டு முடித்த பிறகு ஆளை உள்ளே ஏறச் சொல்கிறோம்.

டாப்பை இறக்கும் வழக்கம் அழகுக்காகத் தொடங்கியதல்ல. 1930களில் தெற்குக் கலிஃபோர்னியாவின் காய்ந்த ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை விரட்டினார்கள். மூராக் ஏரி அதில் பேர்போனது. பந்தயங்களை ஒழுங்குபடுத்த 1937இல் தெற்குக் கலிஃபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம் உருவானது. 1949 முதல் யூட்டா மாநிலத்தின் பானவில் உப்புப் பாலைக்கும் போனார்கள். மாடல் ஏ, 1932 ஃபோர்டு எல்லாம் நெட்டுக்குத்தாக நிற்கும் முகம் கொண்டவை. மணிக்கு நூறு மைல் வேகத்தில் அந்த முகம் காற்றில் போய் முட்டியது. எனவே பில்லரை வெட்டிக் கூரையைக் கீழே கொண்டுவந்தார்கள். பலன் ஓட்ட நேரத்தில் தெரிந்தது.

அழகு அதற்குப் பின்னால் வந்தது. சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் சகோதரர்கள் 1949-51 மாடல் மெர்க்குரிகளின் கூரையை இறக்கியபோது யாரும் நேரம் பார்க்கவில்லை. 1952இல் பாப் ஹிரோஹாட்டா என்பவருக்காக அவர்கள் பட்டறை செய்த மெர்க்குரியில் கூரை முன்புறம் நான்கு அங்குலம், பின்புறம் ஏழு அங்குலம் இறங்கியது. 2022 ஜனவரியில் அந்த வண்டி ஏலத்தில் 21 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள அந்த மூன்று அங்குல வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கூரையைச் சமமாக இறக்காமல் சாய்த்திருக்கிறார்கள். ஓட்டுபவர் கண் முன்னே குறைவாக எடுத்துவிட்டு, யாரும் பார்க்கத் தேவையில்லாத பின்பக்கத்தில் தாராளமாக எடுத்ததால்தான் அந்த வண்டி படத்தில் அவ்வளவு தாழ்வாகத் தெரிகிறது.

நம் சாலைக்குப் பந்தயக் காரணம் பொருந்துமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அம்பாசடரின் உயரம் ஏறக்குறைய 1.6 மீட்டர். கண்ணாடிப் பகுதியின் அகலம் சுமார் 1.2 மீட்டர். மூன்று அங்குலம் எடுத்தால் எதிர்க்காற்று மோதும் பரப்பில் 0.09 சதுர மீட்டர் குறையும். மொத்தப் பரப்பில் நூற்றுக்கு நான்கு பங்கு. காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால், பானவில்லில் அந்த நான்கு பங்கு பெரிய விஷயம். ராதாபுரத்திலிருந்து வள்ளியூருக்கு ஐம்பதில் போகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

இந்தப் பக்கத்துக் காற்று வேறு மாதிரி என்று ஒருவர் சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கும் காற்றை நம்பித்தான் முப்பந்தல், காவல்கிணறு, பணகுடிப் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. அந்த மாதங்களில் நான்குவழிச் சாலையில் உயரமான வேன் ஓட்டியவருக்குப் பக்கவாட்டுக் காற்று ஸ்டியரிங்கை எப்படிப் பிடுங்கும் என்று தெரியும். கூரையை இறக்கினால் அந்தப் பக்கவாட்டுப் பரப்பு குறையத்தான் செய்யும், ஆனால் அதுவும் நூற்றுக்கு மூன்று நான்குதான். வண்டியின் ஈர்ப்பு மையம் இறங்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு இன்னும் குறைவான ஆதாரமே இருக்கிறது. கூரைத் தகடு இருபது கிலோ, வண்டி 1,100 கிலோ என்று வைத்தால், மூன்று அங்குல வெட்டு ஈர்ப்பு மையத்தை ஒன்றரை மில்லிமீட்டர் கூட இறக்காது. அதே மூன்று அங்குலத்தைச் சஸ்பென்ஷனில் இறக்கினால் மொத்த வண்டியும் அவ்வளவு இறங்கும். சாலைப் பிடிப்புக்காக டாப்பை வெட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பார்வைக்காகத்தான் வெட்டுகிறோம் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டால், எத்தனை அங்குலம் என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்லலாம்.

அடுத்தது வேலை. அமெரிக்கர்கள் தொடங்கிய 1932 ஃபோர்டில் பில்லர்கள் ஏறக்குறைய செங்குத்து. வெட்டியெடுத்து இறக்கினால் மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் கிட்டத்தட்டச் சரியாக உட்கார்ந்துவிடும். அம்பாசடர் அப்படியல்ல. 1950களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த உடல் அது. 2014இல் உத்தர்பாராவில் உற்பத்தி நிற்கும்வரை அடிப்படை வடிவம் மாறவில்லை. பில்லர்கள் மேலே போகப் போக உள்ளே சாய்கின்றன. வெட்டி இறக்கினால் மேல்துண்டு முன்னும் பின்னும் பக்கமும் உள்ளே தள்ளி நிற்கும். இதற்குச் சமாளிப்பு இரண்டுதான். பில்லர்களின் அடியைக் கீறி, முன்கண்ணாடியை இன்னும் பின்னால் சாய்க்கலாம். அல்லது கூரையையே நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வெட்டி நான்காக்கி, நடுவில் தகடு கொடுத்து அகலப்படுத்தலாம். இரண்டாவதைத் தேர்ந்தால் வெல்டிங் சூட்டில் அந்த அகலமான தகடு நெளியாமல் காப்பாற்றுவதற்கே பாதி வேலை போய்விடும். ஒரே இழுப்பாக ஓட்டாமல், பொட்டுப் பொட்டாக இடம் மாற்றி மாற்றி டேக் வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் அந்தப் பள்ளத்தையெல்லாம் பட்டிதான் நிரப்பும். ராதாபுரத்து வெயிலில் ஒரு வருடம் நின்றால் அந்தப் பட்டி வெடித்து உண்மையைச் சொல்லிவிடும்.

இன்னொரு பெரிய வித்தியாசமும் உண்டு. பழைய ஃபோர்டில் தனிச் சட்டம். உடல் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். அம்பாசடரில் உடலே சட்டம். பில்லரும் கூரையும் வண்டியின் பலத்தில் பங்கு கொண்டவை. நான்கு பக்கப் பில்லரையும் ஒரே நாளில் அறுத்துப் போட்டால் தரைப்பகுதி தளர்ந்து கதவு இடைவெளி மாறிவிடும்; பிறகு கதவு மூடாது. உள்ளே ஸ்கொயர் பைப்பை முன் பில்லர் அடியிலிருந்து பின் பில்லர் அடி வரைக்கும், இடமிருந்து வலமாகவும் வைத்துப் பற்றவைத்து இறுக்கிய பிறகே பிளேடு பில்லரைத் தொட வேண்டும். வெட்டிச் சேர்த்த பில்லருக்குள் உள்தகடு கொடுக்காமல் மேலே மட்டும் ஓட்டிவிடுவது பார்க்க நன்றாக இருக்கும். வண்டி குப்புற விழுந்தால்தான் அது ஒட்டு என்று தெரியும்.

கண்ணாடி விஷயத்தில் பலர் பணத்தை இழக்கிறார்கள். லேமினேட்டட் கண்ணாடியைத் தெரிந்தவர் வெட்டலாம். டஃபண்ட் கண்ணாடியை யாராலும் வெட்ட முடியாது; கீறினாலே முழுதும் பொடிப்பொடியாகிவிடும். பக்கக் கண்ணாடிகளைப் புதிதாக அளவுக்கு வெட்டி, பிறகு டஃபன் செய்து வாங்க வேண்டும். வளைந்த பின்கண்ணாடிக்கு அதுவும் நடக்காது. முழுக் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு சாய்த்துப் பொருத்தத்தான் வேண்டும். பழைய வண்டிகளில் முன்கண்ணாடியே டஃபண்டாக இருக்கலாம். மூலையில் இருக்கும் முத்திரையைப் படிக்காமல் விலை பேச வேண்டாம்.

இனி அங்குலம். சட்டத்தைப் பிறகு பார்ப்போம்; உட்காரும் வசதியை மட்டும் பார்த்தால் இந்த இதழின் கருத்து இது: ஒருவர் தினமும் உட்கார்ந்து ஓட்டப்போகும் வண்டியென்றால் மூன்று அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த மூன்றையும் கூரையில் தொடங்கக் கூடாது, சீட்டில் தொடங்க வேண்டும். அம்பாசடரின் முன்சீட் வீட்டு சோபா மாதிரி தடிமனானது. அதன் ஸ்பிரிங்கையும் ஸ்பாஞ்சையும் மாற்றினால் இரண்டு அங்குலம் வரை ஆள் கீழே இறங்குவார். வண்டிக்காரரை அந்தச் சீட்டில் வழக்கம்போல் சாய்ந்து உட்காரச் சொல்லி, கண் மட்டத்தை முன் பில்லரில் மாஸ்கிங் டேப்பால் குறிக்க வேண்டும். இறக்கப்போகும் கூரையின் கண்ணாடி மேல்விளிம்பை இன்னொரு டேப்பால். அந்த இரண்டு டேப்புக்கும் இடையில் உள்பக்கக் கண்ணாடி தொங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. வண்ணார்பேட்டை சிக்னலில் முதல் ஆளாக நிற்கும்போது தலைக்கு மேலே இருக்கும் விளக்கு தெரியாவிட்டால், அவர் குனிந்து குனிந்து பார்ப்பார். பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்துத்தான் பச்சை விழுந்தது அவருக்குத் தெரியவரும்.

தலைக்கும் கூரைத் துணிக்கும் நடுவில் குறைந்தது நான்கு விரல் வேண்டும். வேகத்தடை தெரியாமல் ஏறினால் அந்த நான்கு விரலும் ஒரு நொடியில் காலி. பந்தய வண்டியென்றால் ரோல் கேஜ் குழாய், அதன் பஞ்சு, ஹெல்மெட் எல்லாம் சேர்ந்து இன்னும் நான்கு அங்குலத்தைத் தின்றுவிடும். அதனால்தான் கர்னிக்குக் குமிழ் தேவைப்பட்டது. நம் ஊருக்கென்று இன்னொன்றும் உண்டு. மே மாதத்தில் கூரைத் தகடு தொட முடியாதபடி கொதிக்கும். அந்தத் தகடு மூன்று அங்குலம் தலையை நெருங்கி வருகிறது. ஒரு அங்குலத்துக்கு வெப்பத்தடுப்புப் பஞ்சு கொடுக்காவிட்டால் வண்டி நிழலிலேயேதான் நிற்கும். அந்த ஒரு அங்குலமும் உள்ளே இருந்துதான் போகிறது, அதையும் கழித்துக்கொண்டே விலை சொல்ல வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஆர்.சி. புத்தகம் குறுக்கே நிற்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே பொருள் கொண்டது. மற்ற விதிகளை மீறாத மாற்றத்தை ஏற்கலாம் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்ததை நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் மாற்றினார்கள். அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் தெரிந்தவராக இருப்பது இதற்கு மருந்தல்ல. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி சர்வேயர் முதலில் பார்ப்பது பில்லர் ஒட்டைத்தான்.

கரூரிலும் நாமக்கல்லிலும் சேஸிஸ் மேல் உடல் கட்டுபவர்களின் நிலை வேறு. அங்கே கூரை உயரத்தைக் கட்டுபவரே தீர்மானிக்கிறார், பஸ் உடல் விதிகள் விட்ட எல்லைக்குள். கார்காரர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆகவே பதிவு செய்து சாலையில் ஓட வேண்டிய வண்டியென்றால் டாப்பைத் தொடாதீர்கள் என்பதே இந்த இதழ் சொல்லும் பதில். உயரம் குறைந்த தோற்றம்தான் வேண்டுமென்றால் கூரைக்கு அடர்நிறம், கீழே வெளிர்நிறம், ஜன்னல் ஓரத்தில் மெல்லிய குரோம் பட்டை என்று பெயிண்டிலேயே இரண்டு அங்குலம் இறக்கிக் காட்டலாம். கண்காட்சிக்கும், தனியார் தளத்தில் ஓட்டவும் என்றால் பேச்சு வேறு. தமிழ்நாட்டில் அப்படிக் கட்டும் மரபு இல்லாமலில்லை. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களுக்காகப் பட்டறைகள் ஃபியட்டுகளைப் பிரித்து மேய்ந்தன. கோவையின் எஸ். கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கட்டியபோது கூரையை இறக்குவது பற்றிய விவாதமே எழவில்லை. அதில் கூரையே கிடையாது, ஓட்டுநர் தலைக்குப் பின்னால் ஒரு வளையம் மட்டும்.

அத்தகைய வேலையை ஏற்பவர்கள் சாலையில் ஓட்டமாட்டேன் என்று வண்டிக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வெட்டுவதற்கு முன் நான்கு பக்கமும் அளவு நாடாவோடு படம் எடுத்து வைக்க வேண்டும். கண்ணாடிக்கு அட்டை அச்சு எடுத்து, டஃபன் செய்து தருபவர் சரி என்று சொன்ன பிறகே கிரைண்டரைக் கையில் எடுக்க வேண்டும். அம்பாசடர், பத்மினி இரண்டுக்கும் பில்லரை எந்த இடத்தில் வெட்டினால் ஒட்டு குறையும் என்பதற்கான வரைபடங்கள் அடுத்த இதழில் வருகின்றன.