டில்லி டீசல் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்



கொஞ்சம் நீளமான பதிவு. ரிட்டயர்ட் வாத்தியாருக்கு வேறென்ன வேலை என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டே படியுங்கள். இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் எனக்கு ஏறக்குறைய ஒரே போட்டோவை அனுப்பிவிட்டார்கள். வெள்ளைக் கார், கண்ணைப் பறிக்கும் பாலிஷ், 2014 மாடல், டீசல், டில்லி வண்டி, இரண்டே கால் லட்சம். இரண்டு பேர் "சார், எடுக்கலாமா?" என்று கேட்டிருந்தார்கள. மூன்றாவது என் தங்கை மகன். அவன் கேட்கக்கூட இல்லை. "மாமா, ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கிறேன், ஆசீர்வாதம் பண்ணுங்க."

தாராளமாகப் பண்ணுகிறேன். ஆனால் அந்த இரண்டே கால் லட்சத்தை வண்டியின் விலை என்று நினைத்துக்கொண்டு யாரும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். அது முதல் தவணை. மற்ற தவணைகளை மெக்கானிக் வசூலிப்பார், தேதி சொல்லாமல்.

முதலில், டில்லி வண்டி ஏன் இவ்வளவு மலிவு? 2015 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்றது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்கப்புறம் வழக்கு, தளர்வு, மறுபடி வழக்கு என்று 2025 வரை இழுத்துக்கொண்டே போனது. அந்த ஊர்க்காரர் என்ன செய்வார்? ஒன்பதாவது வருஷமே வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். புரோக்கர் அதை இங்கே ஓட்டிக்கொண்டு வந்து, "அந்த ஊர்ல சட்டம் அப்படி சார், வண்டி சூப்பர் கண்டிஷன்" என்பார். சட்டத்தைப் பற்றி அவர் சொல்வது உண்மைதான். கண்டிஷனைப் பற்றி அவர் சொல்வதற்கு ஆதாரம் பாலிஷ் மட்டும்தான்.

இரண்டாவது, அந்தக் காலத்தில் டீசல் கார் வாங்கியவர்கள் யார் என்று யோசியுங்கள். 2012 மே மாதம் டில்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம். டீசலுக்கு அரசு மானியம் இருந்தது. அதனால் நிறைய ஓடுகிறவர்கள் எல்லாரும், காருக்கு லட்ச ரூபாய் கூடக் கொடுத்தாவது டீசலாகப் பார்த்து வாங்கினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். இன்று நம் பக்கம் வித்தியாசம் எட்டு ரூபாய் சொச்சம். அந்த மானியக் காலத்து வண்டிதான் இன்றைக்கு உங்கள் போனில் பளபளக்கிறது. நிறைய ஓட்டுவதற்கென்றே வாங்கிய வண்டி பன்னிரண்டு வருஷம் கழித்து மீட்டரில் 62,000 காட்டினால், அது மீட்டர் சொல்லும் கதை. ஐந்தாம் வகுப்புப் பையன் கூட 62-ஐ 12-ஆல் வகுத்துவிட்டுச் சந்தேகப்படுவான்.

வகுத்தல் என்று வந்துவிட்டதால், கரும்பலகை இல்லாமலே ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92½ ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் ஓட்டினால் சின்ன பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர், டீசல் 18. பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 73 காசு, டீசலில் 5 ரூபாய் 14 காசு. மிச்சம் சுமாராக ஒரு ரூபாய் அறுபது காசு. என் மருமகன் வேலைக்குப் போவது பைக்கில். கார் அவனுக்குக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மாமியார் வீட்டுக்கும்தான். தாராளமாகப் போட்டாலும் மாதம் 400 கிலோமீட்டர். மிச்சம் 640 ரூபாய். வருஷத்துக்கு 7,680.

இப்போது எதிர்ப்பக்கம். பழைய பேட்ச் மாணவன் ஒருவன் பைபாஸ் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். கெமிஸ்ட்ரியில் தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆனவன், இன்று டர்போவைப் பற்றி அவன் பேசினால் நான் மாணவனாகக் கை கட்டி நிற்பேன். அவன் சொல்வது இது. பெட்ரோல் வண்டி பழசானால் இருமும், டீசல் பழசானால் படுத்துவிடும். பம்ப்பும் இன்ஜெக்டரும் பயங்கரமான அழுத்தத்தில் வேலை செய்கிற சாமான். டீசலில் கொஞ்சம் தண்ணீரோ தூசியோ கலந்தால் போதும். நாலு இன்ஜெக்டர், ஒன்று பத்தாயிரத்தைத் தாண்டும். நாலும் போனால் நாற்பதாயிரத்துக்கு மேல். நம் கணக்கில் அது ஐந்து வருஷ மிச்சம், ஒரே பில்லில். டர்போ, கிளட்ச் செட் எல்லாம் தனி. அதோடு, கடைத்தெரு வரை போய்த் திரும்புகிற குட்டி ஓட்டம் டீசலுக்கு ஆகவே ஆகாது. என்ஜின் முழுசாகச் சூடேறுவதற்குள் அணைத்துவிடுகிறோம். இ.ஜி.ஆர். வால்வில் கரி அப்பிக்கொள்கிறது. குறைவாக ஓட்டினால் வண்டி நன்றாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

உசிலம்பட்டிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் இன்னொரு மாணவன் போன வருஷம் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து இப்படி ஒரு வண்டி எடுத்தான். நாலாவது மாதம் மலை ஏறும்போது இழுவை போயிற்று. பிறகு கறுப்புப் புகை. எஸ்டிமேட் எழுபதாயிரம். வண்டி இப்போது அவன் வீட்டு வேப்ப மரத்தடியில் நிற்கிறது, மேலே தார்ப்பாய். அடகுக் கடையில் வட்டி மட்டும் நிற்காமல் ஓடுகிறது. பெயர் சொல்லவில்லை, அவனே இதைப் படிப்பான். விற்றவர் போனை எடுப்பதில்லையாம்.

என் கோபம் உண்மையில் இந்தப் பிள்ளைகள் மேல் இல்லை. நம் குடும்பங்களில் இருக்கும் பெரியவர்கள் மேல். "டீசல்தாண்டா மைலேஜ்", "டீசல் என்ஜின் கல்லு மாதிரி, பேரன் காலம் வரைக்கும் ஓடும்" என்று கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவர்கள். மச்சான்களே, சித்தப்பாக்களே, நீங்கள் சொல்வது பழைய அம்பாசிடர் டீசல் காலத்துப் பேச்சு. ஸ்பேனரும் நூலும் இருந்தால் ஊர் வந்து சேரலாம் என்ற காலம். இப்போது இருப்பது சென்சார் வைத்த காமன் ரெயில் என்ஜின். உங்கள் வாக்கை நம்பி அவன் கடன் வாங்குகிறான், பில் வரும்போது நீங்கள் பந்தியில் இருப்பதில்லை.

டீசலே ஆகாது என்று நான் சொன்னதாக யாரும் கமெண்ட் போட வேண்டாம். தினமும் அறுபது எழுபது கிலோமீட்டர் ஹைவேயில் போய் வருகிறவனுக்கு, தெரிந்தவர் ஒரே கையில் வைத்திருந்த வண்டி, சர்வீஸ் பில் முழுசாகக் கையில் இருந்தால், கணக்கு ஒத்துவரும். அந்த ஆள் எடுக்கட்டும். அவனுமே கம்பெனி இந்த நாட்டைவிட்டுப் போய்விட்ட வண்டியாக இருந்தால் நிதானிக்க வேண்டும். ஷெவர்லே 2017-இல் இங்கே விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-இல் இங்கே விற்பதற்கான தயாரிப்பை நிறுத்தியது. அந்த வண்டிகள் மலிவாகக் கிடைப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

காகிதம் இன்னொரு தலைவலி. வெளி மாநில வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. வர வேண்டும். இங்கே ஆயுள் வரி புதிதாகக் கட்டி நம்ம ஊர் நம்பர் வாங்க வேண்டும். அங்கே கட்டிய வரியைத் திரும்பக் கேட்பது உங்கள் பாடு. பதினைந்து வருஷம் ஆனதும் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. பசுமை வரி வேறு. "என்.ஓ.சி. பின்னாடியே வந்துடும் சார்" என்று யாராவது சொன்னால், பணமும் பின்னாடியே வரும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012-இலேயே வகைப்படுத்திவிட்டது. தலைநகரத்துக் காற்றுக்கு ஆகாது என்று தள்ளிய வண்டி நம் தெருக் காற்றுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுமா? அதே தெருவில்தான் நம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போய்ப் பார்க்கத்தான் போகிறேன் என்கிறவர்கள், மருமகனே உன்னையும் சேர்த்துத்தான், சொல்லாமல் கொள்ளாமல் காலை ஆறு மணிக்குப் போய் நில்லுங்கள். பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காகவே முன்கூட்டி ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், வேறொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஓடும்போது ஆயில் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள், ரயில் என்ஜின் மாதிரி புகை குபுகுபுவென்று வந்தால் உள்ளே ரிங் தேய்ந்திருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் முழுகிய வண்டி. 2015-இலும் 2023-இலும் சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்று நினைவிருக்கும். கடன் பாக்கி, இன்சூரன்ஸ் எல்லாம் எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் தெரியும்.

ஒர்க்‌ஷாப் மாணவன் ஞாயிற்றுக்கிழமை காலை உன்கூட வருவதற்குச் சம்மதித்துவிட்டான். கூலி வேண்டாம் என்கிறான், டிபன் வாங்கிக் கொடு. அவன் தலையாட்டும் வரை அட்வான்ஸ் பணம் உன் அம்மாவிடமே இருக்கட்டும். அவளிடம் நான் பேசிவிட்டேன்.