மின்சாரம் – கேள்வி பதில்

கேள்வி: என் சிறிய லேத் இயந்திரத்தைப் போட்டதும் பியூஸ் போய்விடுகிறது. 5 ஆம்பியருக்குப் பதில் 13 ஆம்பியர் போடலாமா?
– வாசகர், பெர்மாஸ் ஜெயா

பதில்: கூடவே கூடாது! 550 வாட் லேத், 230 வோல்ட்டில் ஓடும்போது இழுப்பது சுமார் இரண்டரை ஆம்பியர்தான். ஆனால் கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். பியூஸின் உலோக மூடியைப் பாருங்கள். ஆங்கில ‘எஃப்’ எழுத்து இருந்தால் சட்டென உருகிவிடும். ‘டீ’ எழுத்து இருந்தால் சற்றுப் பொறுக்கும். இயந்திரத்தில் குறித்துள்ள அதே ஆம்பியர், அதே எழுத்து, 250 வோல்ட் பார்த்து வாங்குங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டே மாற்றுங்கள்.

சரியான பியூஸும் மறுபடி போனால், கோளாறு இயந்திரத்தில்தான். இரும்புச் சீவல் உள்ளே புகுந்திருக்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம். பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். பெரிய பியூஸ் போடுவதும், வெள்ளித்தாள் சுற்றுவதும் வீட்டுக்கு நெருப்பு வைப்பதற்குச் சமம்.