கடுக்கனைக் கண்டவர்கள்

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956இல். தஞ்சை வட்டார ரசிகர்கள் கூடினால் இன்றும் அவர் பேச்சு வராமல் இராது. என்ன பேச்சு? கிராப்பு, ஷெர்வானி, வைரக் கடுக்கன், கார், மிராசுதாரை மதிக்காத திமிர். தோடிக்கு ஓர் 'ஆகா' போதும் இவர்களுக்கு.

எனக்கு இதில் தீராத மனத்தாங்கல் உண்டு. மேல்சட்டையின்றி, நின்றபடி வாசிக்க வேண்டியவர் என்று ஊர் நினைத்திருந்த இசைவேளாளக் கலைஞர், பாடகர்களைப் போல மேடையில் அமர்ந்து வாசிப்பேன் என்றார். அது திமிரென்றால், பாடகர்கள் அமர்ந்ததற்கு என்ன பெயர்?

கீச்சென ஒலித்த திமிரி நாயனத்தைவிட நீண்ட, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை அவருக்காகக் கடைந்து தந்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி. சுத்த மத்தியமம் அதில் பிசிறின்றிப் பேசிற்று. கடுக்கனை வர்ணிக்கும் ரசிகருக்கு ஆசாரியின் பெயர் தெரிவதில்லை. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலோ, 'பக்கவாத்தியம்' என்ற ஒற்றைச் சொல்லோடு சரி.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூர் திருவாவடுதுறைக்குப் பக்கத்தில்தான் என்பதே என் நண்பர் ஒருவருக்குப் புதுச் செய்தி. தோடி இசைத்தட்டை முழுதாகக் கேட்டதுண்டா என்றேன். அவர் காரின் கதையை ஆரம்பித்தார்.